வலப்பக்கத்து வரிசையில் ஆளில்லை

"நீங்க முதல் போங்க சேர். உங்களுக்குப் பின்னால நாங்க வாறம்."

"நான் ஏன் முதல் போகோணும்? நீதானே பாட்டுக் குழுத் தலைவி. பாட்டுக் குழு போனா சனம் தானா வரும்."

"கூட்டத்தில முதல் கை உயர்த்தினது ஆரு? நானா? மைக்கைப் பிடிச்சு, 'இது பொதுநிலையினரின் காலம்' எண்டு கதைச்சது ஆரு?"

"கதைச்சன். ஓம், கதைச்சன். இப்பவும் என்ட ஆதரவு இருக்கு. அதுக்காக நான் அந்த வரிசையில போய் நிக்கோணும் எண்டு தீர்மானத்தில எங்கயாவது கிடக்கா?"

பூசைச் சாமான்கள் வைக்கிற அறைக்குள் நின்ற துசாந்தினிக்கு ஒரு சொல் தவறாமல் எல்லாம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியேதான் தண்ணீர்க் குழாய். கோயிலுக்கு வருகிற சனம் அந்த இடத்தில் கை கால் கழுவிக்கொண்டு இரகசியம் கதைக்கும். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போய் நாலைந்து மழைக்காலம் ஆகிவிட்டது என்பது ஒருவருக்கும் நினைவில் இருப்பதில்லை.

'சேர்' என்பது கனகசிங்கம் சேர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கோயிலின் பங்குச் சபைச் செயலாளர். மற்றது கேசினி. கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரே சுருதியில் பாடக்கூடியவள். இருவரும் சண்டை பிடித்தது துசாந்தினியைப் பற்றித்தான். பூசையில் அவளுடைய கையால் முதலில் யார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவது என்பதுதான் வழக்கு. ஆளுக்காள் மற்றவரை முன்னே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நன்மை கொடுக்கிறவர் போடுகிற வெள்ளைச் சால்வையைத் துசாந்தினி தோளில் ஒழுங்காகப் போட்டாள். அது வழுக்கியது. திரும்பவும் போட்டாள்.

கல்முனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில், கடற்கரைப் பக்கமாக இருக்கிற சின்னக் கத்தோலிக்கக் கோயில் அது. குடும்பங்கள் கொஞ்சம்தான். பங்குத்தந்தை தினுஜன் பாதர் இளம் ஆள். இந்தக் கோயிலோடு சேர்த்து ஆலையடிவேம்புப் பக்கம் இன்னும் இரண்டு கோயில்களை ஒரு மோட்டார் சைக்கிளில் பார்க்கிறார். அவர் வந்த புதிதில் புரொஜெக்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் படம் காட்டினார். "இந்தக் கோயில் பாதருடையது அல்ல. உங்களுடையது. பணிகளைப் பகிர்ந்து கொள்ளுங்கள்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிந்ததும் ஒருவர் எழும்பி, "பாதர், கூரை ஒழுகுது, அதை எப்ப திருத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

ஆனால் பாதர் சோரவில்லை. குழுக்கள் அமைத்தார். வழிபாட்டுக் குழு, ஊடகக் குழு, சூழல் குழு, முதியோர் குழு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இணைப்பாளர், ஓர் உப இணைப்பாளர், ஓர் ஆலோசகர். கொஞ்ச நாளில் பங்கில் வெறும் உறுப்பினராக இருக்கிற ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. முதியோர் குழுவுக்கு இளைஞர் ஒருவர்தான் இணைப்பாளர். ஏனென்றால் பங்கில் தான் முதியவர் என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகிற வேலை. அதற்குப் பல சனிக்கிழமைகள் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். மைக் கிடையாது. பதவிக்குப் பெயர் இருந்தாலும் அதைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

துசாந்தினி கை உயர்த்தினாள். அவள் இடியப்பம் அவித்து விற்கிறவள். கோழி கூவுகிற நேரத்துக்கு எழும்பி, பிழிந்து, அவித்து, கல்முனைச் சந்தைப் பக்கம் உள்ள றஊப் காக்காவின் சாப்பாட்டுக் கடைக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் கொடுக்கிறாள். அவள் கை உயர்த்தியதற்குக் காரணம் பெனடிக்ற்.

பெனடிக்ற் மேசன். அடுத்த ஒழுங்கையில் இருக்கிறான். நற்பிட்டிமுனையில் கடை கட்டிக்கொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு போய்விட்டது. போன வருசத்திலிருந்து கட்டில்தான். பாதர் வருவார், வந்து ஐந்து நிமிடத்தில் அடுத்த கோயிலுக்கு ஓடுவார், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு வரமாட்டார். அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒருநாள் இடியப்பப் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய துசாந்தினியிடம் பெனடிக்ற் சொன்னான்.

"அக்கா, இடியப்பம் வருது. சம்பல் வருது. கச்சேரிக் கந்தோரால உதவிப்பணக் கடுதாசியும் வருது. நன்மை மட்டும் எனக்கு வருதில்ல. நான் ஒண்டும் பெரிய பாவி இல்ல, தெரியுந்தானே?"

"பெரிய பாவி இல்ல. நடுத்தரம்" என்றாள் அவள். அவன் சிரித்தான். அவளுக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை.

பயிற்சி முடிந்தது. ஆயர் இல்லத்திலிருந்து, அதாவது பிஷப்பிடமிருந்து, அனுமதியும் வந்தது. ஆனால் பாதர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"அக்கா, முதல்ல கோயிலுக்குள்ள சனம் உங்கட கையால வாங்கிப் பழகோணும். மறுகாதான் உங்களை வீடுகளுக்கு அனுப்ப ஏலும். இல்லாட்டி இவங்க மேலிடத்துக்கு முறைப்பாடு போடுவாங்க. நான் இடப்பக்கம் நிக்கிறன், நீங்க வலப்பக்கம் நில்லுங்க. ரெண்டு வரிசை. பூசையும் கெதியா முடியும்."

முதல் ஞாயிறு அவள் நற்கருணைப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வலப்பக்கத்தில் நின்றாள். ஒருவரும் வரவில்லை. அவளுக்கு நேரே முதல் வாங்கில், அந்த நீள மர இருக்கையில், இருந்தவர்கள் எழும்பினார்கள், கீழே பார்த்தார்கள், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து பாதருடைய வரிசையில் சேர்ந்தார்கள். அந்த வரிசை கோயில் வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, படலை வரைக்கும் போனது. துசாந்தினியின் முன்னால் சீமெந்துத் தரை பளபளவென்று கிடந்தது. அவளுடைய புருசன் ரஜிதன்கூட அந்தப் பக்கம்தான் போனான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"நீங்களாவது வந்திருக்கலாமே?"

ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ரஜிதன் நிமிரவில்லை. "விடிய எழும்பினதில இருந்து எனக்கு ஏசின வாய் உனக்கு. ஏழு மணிக்கு வந்து ஆண்டவரைத் தாறன், கையை நீட்டு எண்டா எனக்கு எப்படி இருக்கும்?"

"பாதர் ஒருத்தருக்கும் ஏசுறதில்லையா?"

"பாதர் எனக்கு ஏசினதில்ல."

ரஜிதன் பொய் சொல்கிறவன் இல்லை.

யாரும் அவளைப் பிடிக்காது என்று சொல்லவில்லை. அதுதான் பெரிய கரைச்சல். "அவ தங்கமான பிள்ளை" என்றார்கள். "பயிற்சி எல்லாம் எடுத்திருக்கிறா" என்றார்கள். "ஆனா பாருங்க, காலையில படலையில இடியப்பத் தட்டோட நிண்டவ" என்றார்கள். கேசினி தினமும் அவளிடம்தான் இடியப்பம் வாங்குகிறாள். அதே கையால் நன்மை வாங்க மட்டும் ஏன் தயக்கம் என்று கேட்டபோது, "அது வயித்துக்குப் போறது. இது ஆத்துமாவுக்குப் போறதெல்லா" என்றாள்.

பங்குச் சபை கூடியது. குருவாகாத சாதாரண சனமான பொதுநிலையினரின் பங்கேற்பைக் கனகசிங்கம் சேர் முக்கால் மணித்தியாலம் ஆதரித்துப் பேசினார். எல்லாரும் கை உயர்த்தி ஆதரித்தார்கள். துசாந்தினியும் இருந்தாள். தனக்கு இவ்வளவு ஆதரவு இருப்பதைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. கடைசியில் பாதர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் கோயிலில் பெண்கள் வலப்பக்கமும் ஆண்கள் இடப்பக்கமும் இருப்பதுதான் வழக்கம். இனிமேல் வலப்பக்க வாங்குகளில் இருக்கிறவர்கள் எல்லாரும் துசாந்தினியிடம்தான் வாங்க வேண்டும் என்று பாதர் அறிவித்தார்.

குழாயடியில் கனகசிங்கம் சேரும் கேசினியும் ஆளையாள் தள்ளிக்கொண்டது அந்த அறிவிப்புக்குப் பிறகு வந்த ஞாயிறு காலையில்தான்.

மணி அடித்தது. துசாந்தினி பாதருக்குப் பின்னால் பீடத்துக்கு வந்து, திரும்பிப் பார்த்தாள். வலப்பக்கத்து வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

பெண்கள் எல்லாரும் இடப்பக்கம் போய்ப் புருசன்மாரோடு இருந்தார்கள். அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு காட்சி கிடையாது. கல்யாணம் கட்டிய அன்றைக்கு மட்டும் ஒன்றாக முழங்காலில் நின்றவர்கள், பிறகு ஒருநாளும் கோயிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்காதவர்கள், இப்போது தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். கனகசிங்கம் சேருக்குக் கால் நீட்ட இடமில்லை. கேசினி முழுப் பாட்டுக் குழுவையும் ஆர்மோனியத்தோடு இடப்பக்கம் இழுத்திருந்தாள். படகில் ஒரு பக்கம் சனம் கூடினால் சாய்கிற மாதிரி, கோயிலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்று துசாந்தினிக்கு இருந்தது.

தினுஜன் பாதருடைய முகம் மலர்ந்தது. பிரசங்கத்தை விட்டுவிட்டு, "குடும்பம் குடும்பமாக அமர்ந்திருக்கிறீர்கள். இதுதான் நான் கனவு கண்ட பங்கு" என்றார். பூசை முடிந்ததும் ஊடகக் குழு இணைப்பாளரைக் கூப்பிட்டு, சனத்தைத் திரும்பவும் அப்படியே இருக்கச் சொல்லிப் படம் எடுப்பித்தார். அன்று பின்னேரமே அந்தப் படம் ஆயர் இல்லத்துக்குப் போனது. கீழே 'குடும்ப மறுமலர்ச்சி' என்று எழுதியிருந்தது. படத்தின் ஓரத்தில், வெள்ளைச் சால்வையோடு தனியே நிற்கிற துசாந்தினியின் பாதிக் கை தெரிந்தது.

அந்தக் கிழமை பங்குச் சபை 'வரிசைப் பிரச்சினை ஆய்வு உபகுழு' ஒன்றை அமைத்தது. இணைப்பாளர் கனகசிங்கம் சேர். துசாந்தினியைப் பார்வையாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். பாதர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, வாற ஞாயிறும் ஒருத்தரும் வரல்லெண்டா இதைக் கொஞ்ச நாளைக்கு விடுவம். எனக்கும் மனக் கஷ்டம்தான். சமாதானம் முக்கியம், என்ன?"

"அப்ப பெனடிக்ற்?"

"பாப்பம். அடுத்த மாதம் நான் வரப் பாக்கிறன்."

அடுத்த நாள் அரிசி அரைக்கக் கமீலா ராத்தாவின் மில்லுக்குப் போனாள். கமீலா ராத்தா மெசினை விடச் சத்தமாகக் கதைக்கக்கூடியவர். ஊர்க்கதை எல்லாம் அவருக்கு மாவோடு சேர்ந்து வந்துவிடும்.

"என்ன புள்ள, உங்கட கோயில்ல உன்ட பக்கம் ஒருத்தரும் வாறல்லையாமே?"

"ஆர் சொன்ன?"

"ஓட்டோ ஓடுற அஸ்ஹர் சொன்னான். உன்ட மாப்புள ஓட்டோ ஸ்டாண்டுல சொல்லி இரிக்கார்." மெசினை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்து மாவைத் துடைத்தார். "எனக்கு இது வெளங்கல்ல புள்ள. எங்கட பள்ளியில இமாம் வரல்லெண்டா, ஓதத் தெரிஞ்ச ஒரு ஆள் முன்னுக்குப் போய் நிண்டு தொழுவிப்பார். மத்த ஆக்கள் பின்னால நிப்பாங்க. முடிஞ்சிது."

"உங்கட ஆக்கள் நல்லம் ராத்தா."

"யாரு? எங்கட ஆக்களா? நோன்புக் கஞ்சிக் கொமிட்டிக்கு ரெண்டு தலைவர் இரிக்காங்க. முப்பது நோன்பும் சண்டை. ஒரு வருசம் ரெண்டு அண்டாவுல ரெண்டு கஞ்சி. நீ ஒண்டும் யோசிக்காத, எல்லா எடத்துலயும் தலைவர்மார் கூடத்தான்." மெசினைத் திரும்பவும் போட்டார். "அந்த மேசன் பொடியன் எப்பிடி இரிக்கான்? எங்கட கொல்லைச் சுவரு அவன் கட்டினதுதான். இன்னும் ஒரு வெடிப்பு இல்ல."

"அவனுக்காகத்தான் ராத்தா நான் இதுக்குப் போனது."

"அப்ப அவனுக்குக் குடுத்துட்டு வாவன்."

"அப்பிடிப் போக ஏலா. கோயிலுக்குள்ள ஆராவது என்னட்ட வாங்கினாத்தான் விடுவாங்க."

கமீலா ராத்தா மெசினை நிறுத்தினார். பிறகு, "உங்கட சட்டம் எங்கட கொமிட்டியப் போலத்தான் இரிக்கி" என்று சொல்லி மாவைப் பையில் கொட்டினார்.

ஞாயிறு வந்தது. துசாந்தினி சால்வையைப் போட்டாள். வெளியே குழாயடியில் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. தீர்ந்துபோன விசயத்துக்கு ஏன் சண்டை?

நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. இடப்பக்கம் முழுச் சனமும் எழும்பி நின்றது. பாதருடைய வரிசை வழக்கம்போல வாசலுக்குப் போய், அங்கேயும் இடமில்லாமல் வளைந்தது. துசாந்தினி தன்னுடைய இடத்தில் நின்றாள். கடைசித் தடவை. பெனடிக்ற்றுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். 'அடுத்த மாதம் பாதர் வரப் பார்க்கிறாராம்' என்பதை எந்தக் குரலில் சொல்லலாம் என்று பார்த்தாள். ஒரு குரலும் சரிவரவில்லை.

அப்போதுதான் வெறுமையான வாங்குகளுக்கு அப்பால், கடைசியில், வாசல் சுவரோரம் அவளுடைய கண் போனது. வலப்பக்கம் முழுக்க வெறுமை இல்லை. அங்கே பிளாஸ்டிக் கதிரைகளில் நாலைந்து பேர் இருந்தார்கள். முழங்கால் வீங்கியவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள். அவர்கள் இடப்பக்கம் போகவில்லை. போக முடியாது. வழமையாக வரிசை முடிந்ததும் பாதர் அவர்களிடம் நடந்து வருவார். ஆனால் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கத் தொடங்கியதிலிருந்து, நேரம் போய், அடுத்த கோயில் பூசையை நினைத்து, பாதர் அவர்களை மறந்துபோயிருந்தார். முன்னால் கிடந்த வெறும் வாங்குகளையே பார்த்துக்கொண்டு நின்ற துசாந்தினியும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு ஞாயிறாக அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பாதர் அவளை நிற்கச் சொன்ன இடம் பீடத்துப் படி. அவள் அந்த இடத்தை விட்டு இறங்கினாள்.

வெறும் வாங்குகளுக்கு நடுவால் அவள் நடந்தபோது தன்னுடைய செருப்பில்லாத காலின் சத்தம் அவளுக்கே கேட்டது. கேசினி அவளைக் கண்டாள். பாட்டில் ஒரே வரியை மூன்றாவது தடவையாகப் பாடினாள். பாட்டுக் குழுவும் வேறு வழியில்லாமல் அதையே பாடியது. வரிசையில் நின்ற கனகசிங்கம் சேர் திரும்பிப் பார்த்தார். கடைசிச் சுவரோரம் முதல் கதிரையில் இருந்தது அவருடைய மனைவி வல்லியம்மை. அதைத் துசாந்தினி கிட்டப் போன பிறகுதான் கண்டாள். கண்டதும் கால் ஒரு கணம் தயங்கியது. திரும்பிப் போனால் முழுக் கோயிலும் பார்க்கும். போனாலும் பார்க்கும்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றாள்.

வல்லியம்மை அக்கா அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பாத்திரத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து நீட்டினார்.

"ஆமென்" என்றார்.

அடுத்த கதிரைக்காரர் முதலிலேயே கையை நீட்டிக்கொண்டு இருந்தார். அதற்கடுத்தவரும். கதவோரத்தில் நித்திரைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த நீள வரிசையில் எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்ற ஒரு தாயும் வாயைத் திறந்தாள். துசாந்தினி பீடத்துக்குத் திரும்பி வந்தபோது பாதர் இன்னும் பாதி வரிசையில்தான் இருந்தார்.

பூசை முடிந்து, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குழாயடியில் சத்தம் கேட்டது.

"செயலாளர்ட பொஞ்சாதியே வாங்கினா சனம் என்ன நினைக்கும்? உபகுழு இன்னும் முடிவு சொல்லல்ல."

"உங்கட உபகுழு எனக்கு நன்மை கொண்டு வந்து தந்ததா? ரெண்டு ஞாயிறா பாத்துக் கொண்டு இருந்தன். நீங்களும் அந்த வரிசையில நிண்டு வாங்கிப்போட்டு, என்னைத் தாண்டி வெளிய போய் நிண்டு கதைச்சீங்க. என்ட முழங்காலுக்கு ஆர் கொண்டு வந்தாலும் சரி."

"மெல்லக் கதை கா."

"நான் மெல்லத்தான் கதைக்கிறன்."

பாதர் அறைக்குள் வந்தார். பூசை உடுப்பைக் கழற்றாமலே நின்றார்.

"அக்கா, உங்களை நான் எங்க நிக்கச் சொன்ன?"

"வலப்பக்கம் பாதர்."

"அப்ப ஏன் நடந்தீங்க?"

"அங்க ஆளில்லை பாதர். ஆக்கள் பின்னுக்கு இருந்தவங்க."

பாதருடைய காது சிவந்தது. பின்னால் இருந்தவர்களை அவர் மறந்துபோனது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கைபேசியை எடுத்து ஏதோ தட்டினார். "தேடிச் செல்லும் பணி" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "முன்னோடித் திட்டம். இது நான் முதலே யோசிச்சு வச்சதுதான் அக்கா. சொல்ல நேரம் கிடைக்கல்ல."

"ஓம் பாதர்" என்றாள் துசாந்தினி. "அப்ப திட்டத்தில பெனடிக்ற் வீடும் வருமா?"

பாதர் கைபேசியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார். "போயிற்று வாங்க. இப்பவே போங்க, ஆக்கள் படலையால போக முதல். எல்லாரும் காணட்டும்."

அவள் போனாள். பெனடிக்ற்றின் மனைவி வாசலில் மெழுகுதிரி வைத்தாள். பெனடிக்ற் பகிடி ஒன்றும் விடவில்லை. வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் கிடந்தான். போகலாமா இருக்கலாமா என்று துசாந்தினிக்குத் தெரியவில்லை. பயிற்சியில் அதைச் சொல்லித் தரவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டாள்.

இப்போது அவள் ஒவ்வொரு ஞாயிறும் மூன்று வீட்டுக்குப் போகிறாள். கோயிலுக்குள் வலப்பக்கத்து வரிசை இன்னும் பெரும்பாலும் வெறுமைதான். ரஜிதன் இன்னும் பாதருடைய வரிசையில்தான் நிற்கிறான். ஆனால் அவளை வீடுகளுக்கு ஏற்றி இறக்குகிறவனும் அவன்தான். ஆயர் இல்லத்திலிருந்து பாதருக்குப் பாராட்டு வந்தது. அது வந்ததிலிருந்து வெள்ளைச் சால்வை கேட்டுப் பலர் விண்ணப்பித்திருக்கிறார்கள். மூப்பின்படி முதல் சால்வை தனக்குத்தான் என்று கனகசிங்கம் சேர் வாதாடுகிறார். நோயாளி வீட்டுக்குப் போகவும் தயாரா என்று பாதர் கேட்டதற்கு, அதை ஆராய ஓர் உபகுழு போடலாம் என்றிருக்கிறார்.

இதை வாசித்த உங்களிடம் ஒரு விசயம் கேட்கிறேன். உங்கள் கோயிலிலும் இப்படி இரண்டு வரிசை இருக்கலாம். 'நல்ல விசயம், என் ஆதரவு உண்டு' என்று எழுதிவிட்டுப் போகாமல், போன ஞாயிறு நீங்கள் உண்மையில் எந்த வரிசையில் நின்றீர்கள், ஏன் அதில் நின்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். கடைசிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தால், நீங்களும் எழுதுங்கள்.